சக்கை என்னும் சொல்

தமிழ்நாட்டின் பிற ஜில்லாக்களில் சக்கை என்று சொன்னால், சாறு பிழிந்தபின் எஞ்சிக் கிடக்கும் கரும்பின் கழிவையே கேட்பவர் நினைப்பர். குமரி ஜில்லாவின் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் அதே சொல்லைச் சொன்னாலோ, வேலியோரத்து மரத்தின் அடித்தண்டிலேயே முள்தோல் போர்த்துத் தொங்கும் பெரும் பழமும், அதனுள்ளே தேனொழுகும் சுளைகளும் மனக்கண்முன் வந்து நிற்கும். இந்த இரண்டாவது பொருளை மலையாளக் கலப்பென்று ஒதுக்கிவிடுவதும், பிள்ளைகள் கட்டுரையில் சக்கை என்று எழுதினால் அதை அடித்துப் பலா என்று திருத்துவதும் நியாயமல்ல என்பது என் திடமான அபிப்பிராயம்.

பலா என்னும் சொல்லைக் குமரி ஜனங்கள் மறந்துவிடவில்லை. அவர்களுக்கு மரம் பிலா. அதன் காய்க்கும் கனிக்கும் பெயர் சக்கை. கஞ்சி கோரிக் குடிக்க மடித்துக்கொள்வது பிலாவிலை. துவரன் வைப்பது இடிச்சக்கை. குழம்பிலே போடுவது சக்கைக்குரு. விருந்தின் முடிவில் இலையில் விடுவது சக்கைப் பிரதமன். ஏட்டுத் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கும் மரத்தையும் கனியையும் இங்கே எழுத்தறியாத கிழவியும் இரண்டு சொற்களால் பகுத்துப் பேசுகிறாள். மலையாளத்திலும் இதே பாகுபாடு உண்டென்பது மெய்தான். ஆயினும் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே வரைந்த எல்லைக்கோடு நிர்வாகத்தைப் பிரித்ததேயன்றி, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருபுறமும் ஒன்றாய் வழங்கிய சொற்களை இது உனது, அது எனது என்று பங்கிட்டுக் கொடுக்கவில்லை.

இச்சொல் கடல் கடந்து சென்ற சரித்திரம் இன்னும் வியப்பானது. 1498-இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த போர்த்துக்கீசியர், தம் நாட்டில் கண்டறியாத இக்கனிக்கு மலையாளக் கரையார் வழங்கிய பெயரையே ஏற்று, ஜாக்கா என்று தம் நாவுக்கு இசையத் திரித்துக்கொண்டனர். கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஒர்த்தா என்னும் வைத்தியர் 1563-இல் அங்கேயே அச்சிட்ட மூலிகை நூலில் இக்கனியை அப்பெயராலேயே விவரித்திருக்கிறார். அதிலிருந்தே ஆங்கிலத்தின் ஜாக் பழமும் பிரெஞ்சின் ஜாக்கும் பிறந்தன. ஆங்கிலேயரிடையே ஜாக் என்பது ஆண்மகன் பெயராகவும் இருத்தலால், வில்லியம் ஜாக் என்ற ஸ்காட்லாந்துத் தாவர சாஸ்திரியின் நினைவாகவே பழத்துக்கு இப்பெயர் வந்ததென்று கருதியவரும் உண்டு. அவர் பிறந்ததோ 1795-இல், கார்சியாவின் நூல் வெளிவந்து இருநூறு ஆண்டுகளுக்கும் பின்னர்! பிரேஸில் தேசத்துக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுசென்ற இம்மரம் ரியோ நகரத்தை அடுத்த திஜூக்கா வனத்திலே அடர்ந்து பரவியதோடு, அந்நாட்டார் அளவு மீறிக் குடித்துக் களிப்பவனை ‘ஜாக்காவில் காலை விட்டான்’ என்று சொல்லுமளவுக்கு அவர்கள் பேச்சிலும் வேரூன்றிவிட்டது.

ஓசை ஒத்திருப்பதனால் மட்டும் சொற்கள் உறவாகிவிடா என்பதற்கும் இதுவே நல்ல உதாரணம். மராத்தியில் சக்கா என்றால், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர். ஸ்ரீகண்டம் செய்வது அதைக்கொண்டுதான். ஹிந்தியில் சக்கா என்பது சக்கரம் என்னும் சமஸ்கிருதச் சொல்லின் வழிவந்து வண்டிச் சக்கரத்தைக் குறிக்கும். ஸ்பானிய மொழியில் ஜாக்கா என்றே எழுதி ஹாக்கா என்று உச்சரிக்கும் சொல்லின் பொருள் குட்டைக் குதிரை. அம்மொழியினர் நம் பழத்தை யாக்கா என்று வேறாக வழங்குகின்றனர். இவற்றுள் எதற்கும் நம் சக்கையோடு இரத்த சம்பந்தம் இல்லை. ஆனால் கரும்புச் சக்கைக்கும் குமரியின் சக்கைக்கும் உறவு உண்டென்றே நான் நம்புகிறேன். பழத்தை வெட்டிச் சுளைகளை எடுத்தபின் மடலும் நாருமாய்க் குவிவதைப் பார்த்தவர்களுக்கு இந்நம்பிக்கை விசித்திரமாகத் தோன்றாது.

2018-இல் கேரள அரசாங்கம் சக்கையைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது; தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் பலாவே. இரு மாநிலங்களும் ஒருங்கே போற்றும் இக்கனியின் இரு பெயர்களையும் சேர்த்துக் காத்துவரும் ஒரு ஜில்லாவின் பேச்சு, குறையுடைய பேச்சாவது எங்ஙனம்? சுளை உறுதியானதை வருக்கை என்றும் குழைவானதைக் கூழன் என்றும் இங்கே பிரித்துச் சொல்வர். வருக்கையோ சங்க நூல்களிலேயே பயின்றுவரும் சொல். தக்கலைச் சந்தையிலும் மார்த்தாண்டம் சந்தையிலும் இச்சொற்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. பாடநூல் எழுதுவோர் அவற்றை அடிக்குறிப்பில் ‘வட்டார வழக்கு’ என்று தள்ளிவிடாமல், பலா என்று அச்சிடும் அதே வரியிலே சக்கை என்றும் அச்சிட வேண்டும். அதுவரையில் ஆசிரியர்களாவது சிவப்பு மையை இச்சொல்லின்மேல் ஓட்டாதிருக்கட்டும்.