செயின் லாக்கின் வால் எந்தப் பக்கம்?

நம் அம்பத்தூர் செயின் செய்கிற ஊர். டிஐ நிறுவனம் அமெரிக்காவின் டைமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து 1960-இல் இங்கே தொடங்கியது. 1903-இல் ரைட் சகோதரர்கள் விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியதும் அந்த அமெரிக்கக் கம்பெனியின் செயின்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு, வண்டிச் செயினை நானே வீட்டில் கோர்க்கிறேன் என்றால் தெருவே சிரிக்கிறது. "எழுபது வயசுக்கு மேல உங்களுக்கு எதுக்கு சார் இந்த கிரீஸ் வேலை?"

எதுக்கென்று சொல்கிறேன். போன வருஷம் ஒரு கடையில் என் மகன் வண்டிக்குப் புதுச் செயின் போட்டார்கள். நாலாம் நாள் திருமுல்லைவாயில் தாண்டி சி.டி.எச். ரோட்டில் லாக் தெறித்து, செயின் பின்சக்கரத்தில் சுருண்டு, வண்டி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் புண்ணியவான், பிரேக் போட்டார். கடையில் போய்க் கேட்டேன். "லாக்கை எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான் பெரியவரே" என்றார்கள்.

ஒன்றில்லை. லாக் கிளிப் மீன் மாதிரி. ஒரு பக்கம் மூடிய தலை, மறுபக்கம் பிளந்த வால். செயின் ஓடுகிற திசையில் தலைதான் முன்னே போகவேண்டும். வால் முன்னே போனால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். மேல் வரிசையில் செயின் முன்னோக்கி ஓடும், கீழ் வரிசையில் பின்னோக்கி. அதைக் கவனிக்காமல்தான் கோட்டை விடுகிறார்கள். புதுவையில் பிரெஞ்சில் படித்தவன் நான். இந்த லாக்குக்கு அந்த மொழியில் 'அத்தாஷ் ரபீத்' என்று பெயர், அதாவது சட்டென்று பூட்டுவது. பெயரே வேலை சுலபம் என்கிறது!

இஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள். செயின் கவரைக் கழற்றுங்கள். பழைய செயின் நுனியில் புதுச் செயினை லாக்கால் மாட்டி மெதுவாக இழுத்தால், அதுவே முன் பல்சக்கரத்தைச் சுற்றி வந்துவிடும். இஞ்சின் பக்கத்து மூடியைத் திறக்கவே வேண்டாம். பிறகு பழையதைக் கழற்றிவிட்டு, இரண்டு நுனிகளையும் பின் பல்சக்கரத்தின் பற்களில் உட்காரவைத்தால் நகராது. லாக்கின் பின்களை உள்ளிருந்து நுழைத்து, வெளித்தகட்டைப் போட்டு, கிளிப்பை பிளேயரால் தள்ளினால் 'டிக்'. கடைசியில் தொய்வைச் சரிபாருங்கள். விரல் பத்திரம்.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. தேய்ந்து தொங்கும் செயினில் இரண்டு கண்ணியை வெட்டியெடுத்து, "டைட் பண்ணியாச்சு" என்று காசு வாங்குகிறார்கள். மிச்சமிருக்கிற கண்ணிகளும் தேய்ந்தவைதானே? நூறு சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது 428 செயின். அதில் முதல் 4 என்பது 4/8 அங்குலம். அப்படியானால் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். பேரனின் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கால் அங்குலம் கூடியிருந்தால் வெட்டிப் பயனில்லை, புதுசுதான்.

லாக் இல்லாமல் ரிவெட் அடிக்கிற பெரிய வண்டிச் செயின்களில் நான் கை வைப்பதில்லை. அதற்குத் தனிக் கருவி இருக்கிறது. கல்லும் சுத்தியலும் ஆகாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் லாக் வெளியே தெரிகிற வண்டிகளை எல்லாம் குனிந்து பார்த்தேன். இரண்டில் வால் முன்னே இருந்தது. இரண்டுமே சிரித்தவர்களின் வண்டி. பிளேயரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.