கிணற்றுக்கும் கணக்கு வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

தண்ணீரைப் பற்றிக் கட்டுரை எழுத அமர்ந்தால் வள்ளுவரைத் துணைக்கழைத்துத் தொடங்குவது மாணவர் வழக்கம். நான் எங்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தொடங்குகிறேன். நொய்யலுக்கு ஒரு கல் தொலைவில் இருக்கிறது அது. அப்பாரு காலத்தில் அந்த நீரை இறைத்து மஞ்சளும் வாழையும் வைத்தார்கள். இன்று அங்கே தென்னை மட்டுமே நிற்கிறது. மாடு கூடத் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக் கொள்கிறது.

சென்ற ஆண்டு மே மாதம் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி அந்த நீரில் வைத்துப் பார்த்தேன். லிட்டருக்கு 2,300 மில்லிகிராம் உப்பு காட்டியது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் 61 அடியில் நீர். நவம்பர் மழைக்குப் பின் அதே கிணற்றில் 36 அடியில் நீர். மீட்டர் 1,450 காட்டியது. குடிநீரில் கரைந்த உப்பு 500 வரை இருக்கலாம், வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக் கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆக, எங்கள் கிணறு மே மாதத்தில் தோற்று, நவம்பரில் தேறிவிட்டது!

அந்தச் சமயத்தில் கடனை அடைப்பதற்காகக் கிணற்றையொட்டிய ஒரு ஏக்கரை விற்பதாக இருந்தோம். வாங்க வந்தவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். “நவம்பர் கணக்கைக் காட்டு மாப்ளே, பொய்யா சொல்றோம்?” என்றார் மாமா. பொய்யில்லைதான். ஆனால் உண்மையில் பாதி. நான் நோட்டில் இருந்த இரண்டு கணக்கையும் காட்டினேன். வந்தவர் பிறகு வரவேயில்லை. மாமா என்னோடு பேசுவதில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த நோட்டைக் கிழித்துப்போடவும் சொல்லவில்லை.

அன்று எனக்கு விளங்கியது இதுதான்: ஒரே ஒரு முறை அளந்த கணக்கு, யாரும் பொய் சொல்லாமலேயே பொய்யாகிவிடும். நீர்மட்டத்தையும் நீரின் தன்மையையும், அதே கிணற்றில், ஆண்டு முழுவதும், ஆண்டுதோறும் அளந்தால்தான் அது சாட்சியாகும்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பைக் கொட்டுகிறோம். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடுகிறது. உப்போ முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. அந்நீர் பல ஆண்டுகள் நொய்யலில் ஓடியது. பாசனத்துக்கென 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத ஏற்பாடு இருந்தால்தான் இயங்கலாம் என்ற நிலை பிறந்தது. அப்போது நான் சிறுபிள்ளை. சாயப்பட்டறைத் தொழிலாளியான என் அப்பா வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருந்தது நினைவிருக்கிறது. பிறகு பட்டறை திறந்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்கு வந்தேன். ஆகவே நான் தொழிலின் பகைவனல்லன்.

ஆனால் ஆற்றில் விடுவதை நிறுத்தியதால் நிலத்தடியில் சேர்ந்த உப்பு மறைந்துவிடுமா? நம் பகுதி பாறைப் பூமி. நீர் நிற்பது பாறையின் வெடிப்புகளிலும், சிதைந்த மேற்பாறையிலும். அங்கே புகுந்த உப்பு எளிதில் வெளியேறாது. அந்த நீரையே இறைத்து வயலுக்குப் பாய்ச்சினால் நீர் ஆவியாகி உப்பு மண்ணில் தங்குகிறது. அடுத்த மழை அதை மீண்டும் கீழே இறக்குகிறது. குறைகிறதா கூடுகிறதா என்பதை அளந்துதான் அறியவேண்டும்.

“அரசாங்கம்தான் அளக்கிறதே” என்று கேட்கலாம். உண்மை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு 4 முறை கண்காணிப்புக் கிணறுகளில் மட்டம் பார்க்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுமதி தரும்போதும், மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி மாதங்களில் சுற்றுவட்டாரக் கிணறுகளை அளக்கவேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வழக்கம். ஆனால் தமிழ்நாட்டில் நிலத்தடி நீரின் இருப்பு பல ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு மொத்தமாகவே மதிப்பிடப்படுகிறது. அந்தப் பகுதியின் கணக்கு என் வீட்டுக் குடத்தின் கணக்காகுமா?

“அளந்தால் நிலத்தின் விலை விழும்” என்பது அடுத்த தடை. விழுந்ததை நானே கண்டேன். ஆனால் அளக்காமல் விட்டால் அந்த நஷ்டம் வாங்குபவனின் குழந்தைகள் குடிக்கும் தம்ளருக்குப் போகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

நண்பர்களே! பேராசிரியப் பெருமக்களே! நம் ஆய்வுக்கூடத்தில் எடிடிஏ கொண்டு நீரின் கடினத்தன்மையையும், வெள்ளி நைட்ரேட்டு கொண்டு குளோரைடையும் பியூரெட்டில் அளந்து பழகுகிறோம். அந்த மாதிரி நீர் ஏன் நம் ஊர்க் கிணற்று நீராக இருக்கக்கூடாது? மீட்டர் மொத்த உப்பைத்தான் தோராயமாகக் காட்டும். இன்ன உப்பு என்று சொல்லாது, கிருமியையும் சாயத்தையும் காட்டாது. அங்கேதான் நம் பாடம் துணைக்கு வரவேண்டும்.

முறை எளிது. ஆளுக்கொரு கிணறு. அதே நான்கு மாதங்கள். மோட்டார் போடும் முன் மட்டம் பார்க்கவேண்டும். சிறிது நேரம் ஓடவிட்டு, அந்த நீரிலேயே புட்டியைக் கழுவி, பிறகு நிரப்பவேண்டும். தேதியோடு நோட்டில் எழுதி, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டவேண்டும். நாம் படித்து வெளியேறினாலும் அடுத்த வகுப்பு அந்த நோட்டைத் தொடரவேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “படிச்சு என்ன பண்ணப் போறே?” என்று ஊரில் கேட்கிறார்கள். வேலை கிடைக்கும்போது கிடைக்கட்டும். அதுவரை என் ஊர்க் கிணற்றுக்குக் கணக்கு எழுதுவேன். அடுத்த மே மாதம், என்னோடு எத்தனை பேர் கயிறும் புட்டியுமாக வருவீர்கள்?