முப்பத்தாறாம் பக்கம்

அக்கா மகன் கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள், மாவு மில் மோட்டார் என்று எரிந்து வருவதையெல்லாம் பிரித்து, காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி அனுப்புவான். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஊரைத் தாண்டியும் தன் பெயர் தெரியவேண்டும் என்று ஆசை வந்து, காசு கட்டி ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் வகுப்பில் எழுதிய நோட்டை நீட்டினான்.

“ஒரு நாளைக்கு இருபது கமென்ட் போடோணுமாம் மாமா. போட்டுட்டே இருந்தா நம்ம பேரு தானாப் பரவிருமாம்.”

நோட்டில் ஆறு விதிகள் இருந்தன. அந்த வகுப்பு மட்டும் சொல்கிற விதிகள் அல்ல அவை; இணையத்தில் பெயர் வாங்க நினைக்கும் எவரிடமும் இன்று ஓதப்படுகிறவைதான். அடுத்தவர் எழுத்துக்கு மறுமொழி எழுதிப் பெயர் பெற முடியும் என்பதை நானும் நம்புகிறேன். என் வழக்கு அந்த ஆறு விதிகளோடு மட்டும்தான். போக வேண்டிய வழியை அவையே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விதி 1: தினம் இருபது போடு

அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆர். தன் இணையதளத்தில் வாசகர் கருத்துக்கு இடம் கொடுத்திருந்தது. 2016 ஜூலையில் அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 3.3 கோடிப் பேர். விழுந்த கருத்துகள் 4,91,000. எழுதியவர்களோ வெறும் 19,400 பேர். அதாவது வந்தவர்களில் 0.06 சதவீதம், ஆளுக்கு மாதம் இருபத்தைந்து கருத்து. அடுத்த மாதமே அந்தப் பகுதியை நிர்வாகம் மூடிவிட்டது. பெரும்பாலான வாசகர்களுக்கு அதனால் பயனில்லை என்று கணக்கைக் காட்டியே சொன்னார்கள். அவ்வளவு எழுதிய பத்தொன்பதாயிரம் பேருக்கும் பெயர் கிடைக்கவில்லை. இருந்த இடமும் போயிற்று.

பெயர் அடிக்கடி கண்ணில் பட்டால் பழகிவிடும் என்பார்கள். உண்மைதான். மூலநோய் வைத்தியசாலையின் சுவர் விளம்பரம்கூட நம் எல்லோருக்கும் மனப்பாடம். மனப்பாடம் ஆனதற்காக யாரும் அங்கே போய்ப் படுத்துக்கொள்வதில்லை. பழகிய பெயர் வேறு, மதிக்கிற பெயர் வேறு.

இன்னொன்று. இருபது கட்டுரைகளை ஒழுங்காகப் படிக்கவே அரை நாள் ஆகும். பட்டறையும் நடத்திக்கொண்டு தினம் இருபது போடு என்றால், படிக்காமல் போடு என்றுதான் பொருள். இப்போது அதையும் இயந்திரமே எழுதித் தருகிறது. இருபது என்ன, இருநூறு கேட்டாலும் தரும். எல்லோர் கையிலும் இருநூறு இருக்கும்போது இவனுடைய இருபதை யார் எண்ணப் போகிறார்கள்?

விதி 2: முதல் ஆளாக முந்து

தமிழ் இணையத்துக்கு இது புதிதல்ல. 2004இல் தமிழ்மணம் வந்த பிறகு வலைப்பதிவுகள் பெருகிய காலத்தை அறிந்தவர்களுக்கு ‘மீ த பர்ஸ்ட்டு’ நினைவிருக்கும். பதிவு வெளியானவுடன் படிப்பதற்கு முன்பே ஓடிவந்து அந்த மூன்று சொல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். அது ஒரு விளையாட்டு. விளையாடியவர்களுக்கும் அது தெரியும். நீ என் வீட்டு விசேஷத்துக்கு வந்தாய், நான் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று மொய்க் கணக்கும் நடந்தது. மொய் நோட்டில் நம் பெயர் பத்திரமாக இருக்கும்; ஆனால் ஊரில் பெரிய மனிதர் யார் என்று அறிய யாரும் மொய் நோட்டைப் புரட்டுவதில்லை. அன்று முந்தி வந்த பெயர்களில் எத்தனை இன்று நமக்கு நினைவிருக்கின்றன?

விதி 3: பாராட்டு, மறுக்காதே

ஆறு விதிகளில் இதுதான் மோசமானது. பார்க்க மரியாதை போலவே இருக்கும்.

முன்பு ஒருமுறை நீர் இறைக்கும் பழைய முறைகளைப் பற்றி எழுதினேன். ஏற்றத்தையும் கவலையையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பியிருந்தேன். நாற்பது பேருக்கு மேல் ‘அருமை’, ‘மண்வாசனை’, ‘ஊர் ஞாபகம் வந்துவிட்டது’ என்று எழுதினார்கள். அந்த நாற்பதில் ஒரு பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை. காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்:

“ஐயா, ஏற்றத்தில் ஆள்தான் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார். மாடு பூட்டுவது கவலைக்கு. மாடு சரிவில் இறங்கும்போது வடம் இழுத்துத் தண்ணீர்ச் சால் மேலே வரும். வால்கயிறு சாலின் தோல்வாயான தும்பியை வாய்க்கால் பக்கம் இழுத்துத் தண்ணீரைக் கொட்டும். பிறகு மாடு பின்பக்கமாகவே நடந்து மேடேறும். நீங்கள் எழுதியதுபோல் திரும்பி நடக்காது. பின்னால் நடக்கப் பழகுவதுதான் மாட்டுக்குக் கஷ்டம்.”

படித்ததும் காது சுட்டது. பிறகு அந்தக் கடைசி வரியிலேயே மனம் நின்றது. புத்தகம் பார்த்து எழுதிய எனக்கு மாட்டின் கஷ்டம் தெரிந்திருக்கவில்லை. வடம் பிடித்தவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு வேளாண்மை பற்றி எது எழுதினாலும் அவருக்கு ஒருமுறை காட்டாமல் அனுப்புவதில்லை.

மறுப்பது வேறு, மல்லுக்கு நிற்பது வேறு. ‘இதுகூடத் தெரியாமல் எழுத வந்துவிட்டீரா’ என்று அவர் கேட்டிருந்தால் அவரை அன்றே மறந்திருப்பேன். நான் எழுதியதை வரி வரியாகப் படித்தார், எந்த வரி பிசகியது என்று தொட்டுக் காட்டினார், சரியானதைக் கையில் கொடுத்தார். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

விதி 4: உன் சுட்டியை ஒட்டிவிட்டு வா

இதற்கு அதிகம் பேசத் தேவையில்லை. கருத்துப் பகுதிகளில் சுட்டிகளை இறைத்தால் தேடுபொறியில் மேலே வரலாம் என்பது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அந்தத் தொல்லை தாங்காமல் 2005 ஜனவரியில் கூகுள் ‘நோஃபாலோ’ என்ற அடையாளத்தை அறிவித்தது, யாஹூவும் எம்.எஸ்.என்.னும் சேர்ந்துகொண்டன. அந்த அடையாளம் உள்ள சுட்டியைத் தரவரிசைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஏற்பாடு. 2019இல் அதைக் கட்டளையாக அல்லாமல் குறிப்பாக எடுத்துக்கொள்வோம் என்று கூகுள் கொஞ்சம் தளர்த்தியது. ஆனால் வாசகர்கள் இடும் சுட்டிகளுக்கென்றே தனி அடையாளத்தையும் அப்போதே கொண்டுவந்தது. செல்லாக் காசை இன்னும் வகுப்பில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விதி 5: நிபுணன் போல முழுசாகப் பேசு

டிமோதி கவர்ஸ், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1998இல் பெற்றவர். 2009 பிப்ரவரி 1 அன்று ஒரு கடினமான கணக்கைத் தன் இணையப் பக்கத்தில் வைத்து, எல்லோரும் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம் வாருங்கள் என்று அழைத்தார். ஏற்கெனவே நிறுவப்பட்ட தேற்றம்தான். அதற்கு எளிய வழியில் ஒரு புதிய நிறுவல் வேண்டும். ஏழு மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கனடாவிலிருந்து ஒரு கணிதப் பேராசிரியர் எழுதினார். அடுத்த கால் மணி நேரத்தில் எழுதியவர் அரிசோனாவில் ஒரு பள்ளி ஆசிரியர். அவருக்கு மூன்று நிமிடம் கழித்து டெரன்ஸ் தாவ்; 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். பள்ளி ஆசிரியரும் பதக்கம் பெற்றவரும் ஒரே திண்ணையில்.

கவர்ஸ் முன்கூட்டியே சில நெறிகள் சொல்லியிருந்தார். தனியே போய் முழுத் தீர்வைச் செய்துகொண்டு வராதீர்கள். தோன்றிய சிறு யோசனையை, அரைகுறையாக இருந்தாலும், பிறருக்குப் புரியும்படி எழுதுங்கள். முப்பத்தேழு நாளில் 27 பேர் 800 மறுமொழிகள் எழுதினார்கள். புதிய நிறுவல் கிடைத்தது. டி.எச்.ஜே. பாலிமாத் என்ற கூட்டுப் பெயரில் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2012இல் கணிதத்தின் முதன்மையான இதழ் ஒன்றில் வந்தது. தலைப்பின் கீழே தனி ஆள் பெயர் எவருக்கும் இல்லை. ஆனால் எந்த யோசனை யாருடையது என்பது எண்ணூறு மறுமொழிகளிலும் அவரவர் பெயரோடு இருக்கிறது.

இங்கே முதல் விதிக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். 800 மறுமொழியை 27 பேருக்கும் 37 நாளுக்கும் வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுகூட இல்லை. வானொலித் தளத்தில் மாதம் இருபத்தைந்து எழுதியவர்களுக்கும் இதே விகிதம்தான். எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஒன்று. ஓரிடத்தில் கடையை மூடினார்கள், மற்றோரிடத்தில் புதிய நிறுவல் பிறந்தது. அப்படியானால் காரணம் எண்ணிக்கை இல்லை, எழுதுகிறவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த விஷயம். அதை எந்த வகுப்பும் கற்றுத்தர முடியாது, ஏனென்றால் அது ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறாக இருக்கிறது. பெரியவருக்குக் கவலை மாடு. என் மருமகனுக்குக் கருகிய காயில்.

விதி 6: முப்பது நாளில் பலன்

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1911இல் கணித மேதை ராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி அனுப்பினார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்று. ஆறு மாதத்துக்கு மேலாகியும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: மூன்று. மனம் விட்டுவிடவில்லை, 1919 வரை அந்தப் பகுதிக்கு அவர் அனுப்பிய கேள்விகள் 58. எட்டு ஆண்டில் ஐம்பத்தெட்டு! நோட்டின் கணக்குப்படி அது மூன்று நாள் வேலை.

1913 ஜனவரி 16 அன்று ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் ஊரறிந்தது. அது எப்படித் தொடங்கியது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தா என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். பிறகு, ஹார்டி எழுதிய ‘ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி’ என்ற சிறு நூலின் 36ஆம் பக்கத்தைச் சுட்டுகிறார். குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்பதற்குத் திட்டமான கோவை எதுவும் இன்னும் கிடைக்கவில்லை என்று அங்கே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; உண்மையான விடையை மிக நெருங்கும் ஒன்று என்னிடம் இருக்கிறது என்கிறார். யோசித்துப் பார்த்தால், அது ஒரு வாசகர் கடிதம். ‘தங்கள் நூல் அருமை’ என்று தொடங்கவில்லை. இன்ன பக்கம், இன்ன வரி, அதற்கு என் பதில் இது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பகா எண்கள் பற்றி அவர் நினைத்த அளவுக்கு அந்தக் கோவை துல்லியமானது அல்ல என்று பின்னால் தெரிந்தது. ஹார்டியை அசைத்தவை கடிதத்தோடு வந்த மற்றத் தேற்றங்கள். கதவைத் தட்டியது 36ஆம் பக்கம். உள்ளே உட்கார வைத்தது அவருடைய கணக்கு. உள்ளே சரக்கு இல்லாதவன் எந்தப் பக்கத்தைத் தட்டியும் பயனில்லை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். என் மருமகனிடம் சரக்கு இருக்கிறது. தட்டுவதற்கு அவனுக்கு ஒரு பக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்து, தினம் இருபது வேண்டாம், இந்த வாரம் ஒன்று எழுது என்றேன். மோட்டார் அடிக்கடி எரிவதற்கு மட்டமான கம்பிதான் காரணம் என்று யாரோ எழுதிய கட்டுரையைப் பிடித்தான். முக்கால் மணி நேரம் எடுத்து, அடித்து அடித்து எழுதியது இது:

“கம்பி மேல பழி போடறதுக்கு முந்தி எரிஞ்ச காயிலைப் பாருங்க. ஸ்டார் கனெக்‌ஷன்ல ரெண்டு பேஸ் கருகி மூணாவது புதுசு மாதிரியே இருந்தா, கம்பி நல்ல கம்பிதான். கரண்ட்ல ஒரு பேஸ் வராம மோட்டார் ஓடியிருக்கு. ஸ்டார்ட்டரையும் ஃபியூஸையும் பார்க்காம ரீவைண்டிங் பண்ணிப் போட்டா மறுபடியும் எரியும். எங்க பட்டறைக்கே அப்படித் திரும்பி வந்திருக்கு.”

மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. நான்காம் நாள் இரவு யாரோ கேட்டிருந்தார்: ‘எங்க மோட்டார் சுவிட்ச் போட்டா முனகுது, ஓட மாட்டேங்குது, இதுவும் அதானா?’ மருமகன் போனில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவன், “இருங்க மாமா, மொதல்ல அவரை சுவிட்சை ஆஃப் பண்ணச் சொல்லோணும்” என்று வைத்துவிட்டான். மீதிப் பத்தொன்பதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.