முன்பணம் மூன்று மாதம் போதும்

ராமேசுவரம் கரையிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்குக் குடிபெயர்வோரிடம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதை அரசு விதிவிலக்கின்றித் தடை செய்ய வேண்டும். 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பன் புதிய பாலத்தோடு தாம்பரம் ரயிலும் வந்தது. பயணம் எளிதாயிற்று, குடியேறுவது எளிதாகவில்லை. மாதம் 8,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் என்றால் 80,000 ரூபாய். மீன்பிடித் தடைக்கால நிவாரணமே ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய்தான். தாயின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனால்தான் மகனுக்குச் சாவி கிடைக்கும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வரம்பு விதிக்கிறது; இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் மீறலாம் என்றும் வழிவிடுகிறது. கைப்பெட்டியோடு வாசலில் நிற்பவனுக்கு ஒப்பந்தத்தில் என்ன பேரம் இருக்கிறது? மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டமோ குடியிருப்புகளுக்கு இரண்டு மாதத்தோடு நிறுத்துகிறது. வாடகை பாக்கி குறித்த வீட்டுக்காரர்களின் அச்சம் பொய்யல்ல. அதற்குத்தான் வாடகை நீதிமன்றங்கள். ஒப்பந்தத்தின் பேரில் மூன்று மாத வரம்பை மீறவிடும் விதிவிலக்கை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே நீக்க வேண்டும்.