காற்றுக்குக் கிடைக்கும் அவகாசம்

தேவ்நார்வாசிகளுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2016 ஜனவரி இறுதியில் அங்குள்ள குப்பைமேடு பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரமே புகையில் மூழ்கியது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். காற்று போன பக்கமெல்லாம் புகையும் போனது.

துப்பாக்கிக் குண்டு அத்தனை சாது அல்ல. பக்கக்காற்று அதையும் தள்ளும். ஆனால் கணக்கு வேறு. நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும் வேட்டை ரைஃபிளின் குண்டு 275 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.375 நொடி பிடிக்கும். நொடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, அந்த நேரத்தில் புகையை 1.7 மீட்டர் நகர்த்திவிடும். குண்டு விலகுவதோ சுமார் 18 சென்டிமீட்டர்.

காரணம், தாமதம். வெற்றிடமாக இருந்தால் அதே தூரத்தை 0.335 நொடியில் கடந்துவிடும். காற்றின் எதிர்ப்பால் இழந்த 0.04 நொடிதான் பக்கக்காற்றுக்குக் கிடைக்கும் அவகாசம். தூரம் இரட்டித்தால் விலகல் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

18 சென்டிமீட்டர் அற்பமல்ல. மானின் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாய அதுவே போதும். மிருகம் உடனே சாகாது. புதருக்குள் ஓடி அணு அணுவாகச் சாகும். பிழைத்தாலும் ஆபத்துதான். ஜிம் கார்பெட் 1907இல் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலியின் கோரைப்பற்கள் பழைய குண்டடியில் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களைத் தேடி வந்தது என்றார் அவர். அதன் கணக்கில் எழுதப்பட்ட உயிர்கள் 436.

இந்தக் கணிதத்துக்குத் தமிழ் மண்ணோடும் ஒரு தொடர்பு உண்டு. பறக்கும் குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதை ஊசல் ஒன்றைக் கொண்டு அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1742இல் அவர் எழுதிய நூலை மூன்றே ஆண்டுகளில் ஜெர்மனில் பெயர்த்து விளக்கவுரையும் சேர்த்தவர் கணித மேதை ஆய்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்த ராபின்ஸ், 1751இல் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் இந்தியாவில் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. காற்றோடு மல்லுக்கட்டுவது இப்போது பந்தய வீரர்களின் வேலை. 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். நொடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றை மறந்து சுட்டால் பத்து ஏழாகிவிடும். அதனால்தான் திறந்தவெளித் தளங்களில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சிறு கொடிகளை நட்டிருக்கிறார்கள். முதல் கொடிக்கே முக்கியத்துவம் அதிகம். தொடக்கத்தில் திசைமாறிய குண்டு போகப் போக மேலும் விலகும்.

வேகத்தைக் கூட்டினால் போதாதா? இந்தச் சிறு ரைஃபிளில் அதுவும் பலிக்காது. ஒலியின் வேகத்தை ஒட்டி எதிர்ப்பு திடீரென எகிறி, தாமதம் கூடிவிடும். பந்தயக் குண்டுகள் ஒலியைவிடச் சற்று மெதுவாகவே பறக்கின்றன.

கொடி படபடத்தால், நல்ல வீரர் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பொறுமை ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களுக்கும் இருந்திருந்தால் காடுகளில் காயங்கள் குறைந்திருக்கும்.