காம்பராவுக்கும் காப்புறுதி வேண்டும்

கடனை ஒழுங்காகக் கட்டாதவருக்கு வீட்டுக் காப்புறுதி கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் கட்டணம் கூடும் என்பது அமெரிக்காவில் பழகிப்போன நடைமுறை. கடன் அட்டைத் தவணையைப் பிந்திக் கட்டியதால் ஒருவரின் கூரை ஒழுகிவிடப் போவதில்லை. ஆனாலும் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் காப்புறுதி நிறுவனங்கள் அவருடைய கடன் வரலாற்றையும் பார்த்துத்தான் வீட்டுக்கு விலை சொல்கின்றன. கலிபோர்னியா, மேரிலாந்து, மசாசூசெட்ஸ் ஆகிய மாநிலங்கள் வீட்டுக் காப்புறுதியில் இதைத் தடுத்திருக்கின்றன. பொல்பிட்டியவிலோ கினிகத்தேனையிலோ இதைப் படிப்பவர் ‘இது நமக்கெதற்கு’ என்று கேட்கலாம். அமெரிக்காவில் கடனைக் கட்டத் தவறியவருக்குத்தான் கதவு அடைபடுகிறது. மலையகத்தில் கடன் கேட்கவே வழியில்லாதவருக்கு அது பிறந்த நாளிலிருந்தே அடைபட்டிருக்கிறது.

நம் நாட்டில் வீட்டுக் காப்புறுதியைத் தாமாகத் தேடிப்போய் எடுப்பவர்கள் குறைவு. வங்கி வீடமைப்புக் கடன் தரும். காணியை ஈடு வாங்கும். ஈடு வைத்த வீடு எரிந்தால் தன் பணம் போய்விடுமே என்பதற்காகக் காப்புறுதிப் பத்திரமும் கேட்கும். கடனுக்குப் பின்னால்தான் காப்புறுதி வருகிறது. கடனுக்கு முன்னால் காணி உறுதி வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பரா அறையில் இருப்பவரிடம் உறுதி ஏது?

தோட்டங்களை அரசு 1972இலும் 1975இலும் சுவீகரித்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி 53 வருடக் குத்தகைக்குப் போனது. அந்தக் குத்தகை 2045இல்தான் முடியும். நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, இருப்பு மட்டும் தொழிலாளிக்கு. பாட்டன் காலத்திலிருந்து அதே காம்பராவில் குடியிருந்தாலும், காப்புறுதி விண்ணப்பத்தில் ‘சொத்தின் உரிமையாளர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது.

பொல்பிட்டிய நீர்மின் நிலையம் 1969இலிருந்து நாட்டுக்கு வெளிச்சம் தருகிறது. அதை ஓட்டும் தண்ணீர் மலையகத்து மழைத் தண்ணீர். கினிகத்தேனை, வட்டவளை பக்கமெல்லாம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவில் கொட்டும் மழை அது. அந்த மழைதான் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்திட்டையும் ஊறவைக்கிறது. மின்சாரமோ பல லயங்களுக்கு மிகவும் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. வந்தபோதும் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு இழுத்த வயராகவே வந்த இடங்கள் உண்டு. தகரக் கூரை பறக்காமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும். கூரைக்கடியில் விறகுப் புகையில் கறுத்த மரச்சட்டம். அந்தச் சட்டத்தில் ஆணி அடித்துக் கட்டிய வயர். அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவர் பல லயங்களில் கூரை வரைக்கும் எழுவதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு அரைமணி நேரத்தில் முழு லயத்தையும் தின்றுவிடுவது இதனால்தான்.

லயம் எரிந்த செய்தியை நாமும் வருடாவருடம் போடுகிறோம். இத்தனை குடும்பம் நிர்க்கதி, தோட்டப் பாடசாலையில் தங்கவைப்பு, உலர் உணவு வழங்கப்பட்டது என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. எரிந்தவற்றுக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்? தவணை முடியாத தொலைக்காட்சி, மகளுக்கென்று சேர்த்த தோடு, பிள்ளையின் பாடசாலைப் புத்தகம், பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்த அடையாள அட்டையும் சேமலாப நிதிக் கடிதமும். தேயிலைத் தொழிற்சாலைக்குக் காப்புறுதி எடுக்க நிர்வாகங்கள் மறப்பதில்லை. அந்தத் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுப்பவரின் காம்பராவுக்கு மட்டும் அந்த நினைவு வருவதில்லை.

இனி கடன் கணக்குக்கு வருவோம். ‘கிரிப்’ என்று அழைக்கப்படும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. கறுப்புப் பட்டியல் எதுவும் தன்னிடம் இல்லை என்று அந்தப் பணியகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சரி. ஆனால் ஊரில் ‘அவன் கிரிப்பில விழுந்துட்டான்’ என்றால் அர்த்தம் ஒன்றுதான்: எந்தக் கம்பனியும் இனி அவனை ஏறிட்டுப் பார்க்காது. மலையகத்தில் விழுந்தவர்கள் எப்படி விழுந்தார்கள்? உறுதி இல்லாததால் வங்கி கடன் தரவில்லை. வங்கி தராததால் ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று கிழமைக் கடன் எடுத்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதைக் கட்ட வேறொரு கம்பனியில் கடன். 2018இல் நுண்கடனில் சிக்கிய பெண்களுக்கு அரசு நிவாரணம் கொடுத்தபோது வறட்சி பாதித்த 12 மாவட்டங்களைத்தான் எடுத்துக்கொண்டது. நுவரெலியாவில் வறட்சி இல்லையாம். இங்கே கடன்காரர் படியேறுவது மழை வெயில் பார்த்தா நடக்கிறது?

அமெரிக்காவைப் போல், கடன் வரலாற்றை வைத்துப் போடும் கடன் புள்ளியை வீட்டுக் காப்புறுதிக்குப் பார்க்கும் வழக்கம் இந்நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. வேரூன்றும் முன்பே காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அதைத் தடுத்துவிட வேண்டும் என்கிறோம். கணக்கு பொய் சொல்வதில்லை, கடனில் தவறுபவரே அதிகம் நட்டஈடு கேட்டு வருகிறார் என்பது நிறுவனங்களின் வாதம். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2007இல் வாகனக் காப்புறுதியை ஆராய்ந்தபோது, கடன் புள்ளிக்கும் நட்டஈட்டுக் கோரிக்கைக்கும் தொடர்பு இருப்பதாகவே கண்டது. கறுப்பின மக்களும் ஹிஸ்பானியர்களும் குறைந்த புள்ளிகளில் அளவுக்கு மிஞ்சிக் குவிந்திருப்பதையும் அதே அறிக்கை சொன்னது. யாருக்குக் கடன் மறுக்கப்பட்டு வந்ததோ அவருக்கே புள்ளியும் குறைகிறது; அந்தப் புள்ளியைக் காட்டிக் காப்புறுதியும் மறுக்கப்படுகிறது. ஆபத்தைத்தான் அளக்க வேண்டுமென்றால் அளக்கட்டும்: மலைச்சரிவை, வடிகானை, வயரை. மண்சரிவு அபாய வரைபடங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கின்றன. ஒரு பெண் கிழமைக் கடனைப் பிந்திக் கட்டினாளா என்பதில் மலை எப்போது சரியும் என்ற தகவல் இல்லை.

அபாயம் தெரிந்திருந்தும் ஆட்களை அங்கேயே விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதை 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் பார்த்தோம். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது மலையகம் திரும்பவும் சரிந்தது. சொந்தக் காணி இல்லாதவருக்கு எந்தக் கணக்கில் நட்டஈடு என்ற கேள்வியும் திரும்ப எழுந்தது.

லயத்துக்கும் காப்புறுதி கிடைப்பதற்கான அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக 2016இல் தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம், தனித்தனியாகக் கட்டணம் வாங்காமல், ஒரு வீட்டுக்கு 25 இலட்சம் ரூபா வரை காப்பு என்று அறிவித்தது. நல்ல ஏற்பாடு. அதன் சுற்றறிக்கையில் ‘லயக் காம்பரா ஒவ்வொன்றும் தனி வீடு’ என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும். உறுதிக்குப் பதிலாகக் கிராம உத்தியோகத்தரின் பதிவும் வாக்காளர் இடாப்பும் போதும் என்று எழுத வேண்டும். கட்டடம் கம்பனியுடையது என்று சொல்லி வீட்டுச் சாமானுக்கான நட்டஈட்டை யாரும் வெட்டிவிடக் கூடாது.

லயத்துக்கான தீக் காப்புறுதியைத் தோட்டக் கம்பனி எடுக்க வேண்டும். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு வந்ததே பெரும் இழுபறிக்குப் பிறகு. தொழிலாளியின் சம்பளத்தில் காப்புறுதிக் கட்டணத்தையும் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவர் ஒரு மாதம் தோட்டச் சம்பளத்தில் சீவித்துப் பார்க்கட்டும். லயம் குத்தகைச் சொத்தின் ஒரு பகுதி. குத்தகைக்கு எடுத்தவர் அதைக் காப்பதும் குத்தகையின் கடமையாக வேண்டும்.

உறுதி கொடுப்பதும் நிற்கக் கூடாது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 அறிவித்தார். 7 பேர்ச் காணியோடு வீடு கிடைத்தவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள். அந்த உறுதியை வங்கி முகாமையாளர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது சுவரில் மாட்டும் படம். காணிப் பதிவகத்தில் பதிந்த, ஈடு வைக்கக்கூடிய உறுதியாக அது இருக்க வேண்டும். ஆனால் லயத்தில் இருப்பவர் எல்லாருக்கும் தனிவீடு வந்துசேரப் பல வருடம் பிடிக்கும். அதுவரை எரிவதும் சரிவதும் லயங்கள்தான். தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கிவிடும். பெருந்தோட்ட அமைச்சும் நம்பிக்கை நிதியமும் சுற்றறிக்கையை அதற்கு முன் வெளியிட வேண்டும்.