மண்டபம் எதன் பொருட்டு?

மதுரைத் திருவாலவாய்த் திருக்கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2-ஆம் நாள் இரவு தீப்பட்டுச் சிதைந்தமை அன்பர் பலரும் அறிந்ததே. நாமக்கல் மாவட்டத்துக் கல் கொணர்ந்து அதனைப் புதுக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அது நன்றே. ஆயின் கல்லைப் புதுக்கின் அமையுமோ என்பதே ஈண்டு எம் வினா.

கருங்கல்லில் தீ மூளாது, மூண்டது கடைச்சரக்கில். கடை வாடகையாற் கோயிலில் விளக்கெரியும் என்பார் உளர். நெய்க்குப் பொருள் தேடி விளக்கையே விற்பார் உளரோ? பல்லாண்டு ஈட்டிய வாடகை ஓரிரவில் அழிந்த சிற்பத்துக்கு ஈடாகுமோ? வணிகரைப் பழித்தல் எம் கருத்தன்று. இடங்கொடுத்தாரும், கண்டு வாளாவிருந்த நாமுமே பழிக்குரியோம். கீழைக் கோபுரத்தின் எதிரேயுள்ள புதுமண்டபத்து வணிகர்க்குக் குன்னத்தூர்ச் சத்திரத்தில் இடமளித்தமை, அவர்க்கு வேறிடம் காட்டல் இயலாத காரியமன்று என்பதற்குச் சான்று.

இனி, கடைகளை நீக்கியபின் பூட்டிக் கம்பியிட்டுக் காட்சிப்பொருளாக்குதலே பாதுகாப்பு என்பார் வேறு சிலர். இதுவும் பொருந்தாது. திருமலை நாயக்கர் புதுமண்டபத்தை எடுப்பித்தது வசந்த விழாவின் பொருட்டு. இறைவன் எழுந்தருள அடியார் சூழ்ந்திருத்தற்பொருட்டு. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே அரனெனத் தொழுமாறு விதித்தது. அடியார் கூட்டத்தைப் புறத்தே நிறுத்திக் கல்லை மட்டும் காப்பார் அவ்விதியிற் பாதியையே கொண்டாராவர்.

இளமையில் மடத்துப் பாடசாலையில் மண்டபத் தூணருகே இருந்தே யாம் பாடங்கேட்டோம். அதனைப் பெருக்கியவரும் மாணாக்கராகிய யாமே. நாடோறும் ஆள் கூடும் மண்டபத்தில் மழையொழுக்கு அன்றே காணப்படும். ஆளில்லா மண்டபத்தில் ஆலங்கன்று மரமாகிக் கல்லைப் பிளந்த பின்னரே காணப்படும். வழக்கே காவல், பூட்டுக் காவலன்று.

ஆகலின், சிவநேயச் செல்வர்காள், நும் ஊர்க் கோயில் மண்டபத்தைச் சென்று காண்மின். ஆங்கு உடைந்த வாகனமும் பந்தற்காலும் அடுக்கிக் கிடப்பின் அகற்றுவித்து, வாரத்து ஒருநாளேனும் திருமுறை ஓதக் கூடுமின். தீ வந்து அறிவுறுத்தும்வரை காத்திருத்தல் வேண்டா.

கள்ளிக்குப்பம்.